பெருநாள் முடியட்டும்

அக்குறணையில் பெருநாளைக்கு முந்தின கிழமை எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்டி - மாத்தளை வீதியில் வாகனம் நகராது. தராவீஹ் தொழுகை முடிந்த பிறகுதான் உடுப்புக் கடைகளுக்குள் சனம் நிறையும். ஸஹர் நேரம் நெருங்கும் வரை துணியை விரிப்பதும் மடிப்பதுமாகவே இருப்போம். எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு வருஷத்து யாவாரத்தில் பெரும்பங்கு அந்த இரவுகளில்தான். அதே நாட்களில் டிஸ்பென்சரிகள் ஒவ்வொன்றாக மூடப்படும். டொக்டர்மாரும் நோன்பு பிடித்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், அவர்களுக்கும் ஊர் இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2017இல் நோன்புப் பெருநாள் ஜூன் 26, திங்கட்கிழமை வந்தது. இலங்கையில் அதுவரை யாரும் கண்டிராத அளவுக்கு டெங்கு பரவிய வருஷம் அது. 186,000 பேருக்கு மேல் பதிவானார்கள், 400 பேருக்கு மேல் மௌத்தானார்கள். ரேடியோவில் காலையும் மாலையும் அதே பேச்சு. கடையில் நின்றுகொண்டு நானும் கேட்டிருக்கிறேன். கொழும்பு, கம்பஹா என்று அவர்கள் சொல்லும்போது அது தூரத்துக் கதையாகத்தான் எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் என் இளைய மகனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. ஆறு வயது. தடிமனும் இல்லை, இருமலும் இல்லை, சும்மா சுட்டது. பெனடோல் சிரப் கொடுத்தோம். இறங்கியது, மறுபடி ஏறியது. சனிக்கிழமை இரவு கடையிலிருந்து சாப்பிட வந்தபோது மனைவி சொன்னாள், "புள்ளைக்கு நல்லாச் சுடுது. ஒருக்காக் காட்டிட்டு வருவமே."

"எங்க காட்டுற? எல்லாம் பூட்டு. பெருநாள் முடியட்டும்."

அப்படிச் சொன்னவன் ஒரு டிஸ்பென்சரிக்காவது போன் பண்ணிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரிலேயே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. அது என் நினைவுக்கு வராமலில்லை. அங்கே போனால் வரிசையில் நிற்க வேண்டும், சாதாரணக் காய்ச்சலுக்கு எதற்கு என்று நானே முடிவுகட்டிவிட்டேன். லீவு நாளில் அங்கே யார் இருப்பார்கள் என்றும் நினைத்தேன். கண்டியில் சனல் பண்ணலாம் என்றால், சனி ஞாயிறோடு பெருநாளும் சேர்ந்து வருகிறது, பெரிய டொக்டர்மார் வரமாட்டார்கள். இப்படி ஒவ்வொரு கதவையும் வீட்டிலிருந்தபடியே நான்தான் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சலின் மூன்றாம் நாள், பெனடோலுக்கு அது இறங்கவேயில்லை. பிரிட்ஜ் கதவில் ஒரு போத்தல் இருந்தது. சில மாதங்களுக்கு முன் மூத்த மகளுக்குக் காய்ச்சலும் காது வலியும் வந்தபோது டொக்டர் எழுதிக் கொடுத்த இபுபுரோபன் சிரப், பாதி மிச்சம். அதை இரண்டு தடவை கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. தலைப்பிறை கண்டதாக அறிவித்ததும் கடைக்கு ஓடினேன்.

திங்கட்கிழமை சுபஹுக்கு எழும்பி மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு குளித்து, தொழுகைக்குப் போனேன். மனைவிக்கும் நிம்மதி. புதுச் சட்டை போட்டுவிட்டாள். ஆனால் அவன் வட்டிலப்பத்தைத் தொடவில்லை. வந்த ஆட்களைப் பார்க்கவும் எழும்பவில்லை, செட்டியிலேயே சுருண்டு கிடந்தான். காய்ச்சல் விட்ட அசதி என்று எல்லோரும் சொன்னோம். அஸர் நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான், பிறகு வாந்தி எடுத்தான். வாந்தி கோப்பித் தூள் நிறத்தில் இருந்தது. கையைப் பிடித்தால் கையும் காலும் ஐஸ்.

மூன்று நாள் போகாமலிருந்த அதே ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். லைட் எரிந்தது, கதவு திறந்திருந்தது. ஒரு சிங்கள லேடி டொக்டர், இரண்டு நர்ஸ்மார். டொக்டர் மகனின் கையைப் பிடித்துப் பார்த்தார், விரல் நுனியை அழுத்திவிட்டுப் பார்த்தார், உடனே சேலைன் ஏற்றச் சொன்னார். பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பி, எத்தனையாம் நாள் காய்ச்சல், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

மனைவி பையிலிருந்து இரண்டு போத்தலையும் எடுத்து மேசையில் வைத்தாள். பெனடோலை அவர் தள்ளி வைத்தார். மற்றதைக் கையில் எடுத்தார். பிரிட்ஜில் இருந்த ஈரத்தில் லேபிளின் மூலை சுருண்டிருந்தது. அதை விரலால் நீவி நேராக்கினார். டிஸ்பென்சரிக் கையெழுத்தில் என் மூத்த மகளின் பெயர், அவளுடைய வயது, அவளுடைய அளவு, கடந்துபோன ஒரு திகதி. கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார், மறுபடி லேபிளைப் பார்த்தார். "இது இந்தப் பிள்ளையின் பெயரா?" என்று கேட்டார். ஏசுகிற குரலில்லை, கொப்பியில் எழுதுவதற்காகக் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் சொன்னாள்.

அவர்களுடைய அம்புலன்சிலேயே பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகும்போது கட்டுகஸ்தோட்டையில் கடைகள் திறந்திருந்தன, பாமசி திறந்திருந்தது, இரத்தம் சோதிக்கிற இடமும் திறந்திருந்தது. எங்கள் பெருநாள் எங்கள் ஊரோடு முடிந்துவிடுகிறது, நாலைந்து மைல் தள்ளி அது சாதாரண லீவு நாள். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கண்டி முழுக்க அடைத்துக் கிடக்கும்போது அக்குறணைக் கடைகள் திறந்திருப்பதை வருஷா வருஷம் பார்க்கிறவன் நான். சிங்களவர், தமிழர் ஊருக்குப் போகிற அந்த நாட்களில் முஸ்லிம் டொக்டர்மார் டியூட்டியை ஏற்றுக்கொள்வதும் தெரியும். எங்கள் பெருநாளுக்கு அவர்கள் நிற்பார்கள் என்பது மட்டும் ஏனோ மண்டைக்கு எட்டவில்லை.

பேராதனையில் மகனை எச்.டி.யூ. என்கிற தீவிர கண்காணிப்புப் பிரிவில் வைத்தார்கள். மணிக்கு மணி உள்ளே போகிற நீரையும் வெளியே போகிற சிறுநீரையும் அளந்தார்கள். பிளேட்லட் ஒரு லட்சத்துக்கு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் மோசமான நேரம் என்பதை அங்கேதான் விளங்கிக்கொண்டேன். அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும், அடுத்த ஒன்றிரண்டு நாள் கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும். நாங்கள் புதுச் சட்டை போட்டு விட்டது அந்த நேரத்தில். இபுபுரோபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும், இரத்தம் உறைவதையும் கெடுக்கும். அதனால்தான் டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அதுவும் நிறைக்கேற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா என்கிறார்கள். மூன்றாம் நாள் எப்.பி.சி. என்கிற இரத்த டெஸ்ட் ஒன்று எடுத்திருந்தால் பிளேட்லட் இறங்கத் தொடங்கியது தெரிந்திருக்கும். அவசரமில்லாத நேரத்தில் செய்திருக்கக்கூடிய சின்ன வேலை. ஞாயிற்றுக்கிழமை பகல் அதற்குப் போதும்.

இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. என் கடைப் பையன்கள் பெருநாள் உடுப்போடு வந்து இரத்தம் கொடுத்தார்கள். கிழமை முடிந்து மகனைக் கூட்டிவந்தபோது உடம்பில் பாதிதான் இருந்தது. வெள்ளைக் கோட்டைக் கண்டால் நீண்ட நாளாக அலறினான். மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது லீவு நெருங்கினால் யார் இருக்கிறார்கள், எதுவரை இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். உம்மாவின் சீனி வருத்தத்துக்கான கிளினிக் திகதி புத்தாண்டு லீவில் விழுந்தால், குளிசை முடிகிற வரை இருக்காமல் கொப்பியைக் கொண்டுபோய் முன்னமே எடுத்துவிடுகிறோம். இன்று 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் எங்கள் வாசலுக்கும் வரும், 2017இல் இந்தப் பக்கம் அது இல்லை. ஆனால் நான் சொல்கிற விஷயம் அம்புலன்ஸுக்கு முந்தினது.

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று பகல், பக்கத்து வீட்டுத் தம்பி மதிலுக்கு மேலால் கூப்பிட்டான். "நானா, புள்ளைக்குக் காய்ச்சல். உங்கட வீட்ட மிச்ச மருந்து ஏதும் இருக்கா?" எங்கள் வீட்டில் மிச்ச மருந்து வைப்பதில்லை. குர்பான் இறைச்சி பங்குபோடும் வேலையை மகனிடம் கொடுத்துவிட்டு நானே அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆட்கள் குறைவு, கொஞ்ச நேரத்தில் பார்த்துவிட்டார்கள். தொண்டை சிவந்திருக்கிறது, வேறொன்றுமில்லை, நாளை மறுநாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் பார்க்க வாருங்கள் என்று டொக்டர் சொன்னார்.

பெருநாளும் அதுவுமாக உங்களை வீணாக அலைய வைத்துவிட்டேனே நானா என்று அந்தத் தம்பி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் நானே போய்ப் பிள்ளையின் காய்ச்சலை விசாரித்தேன்.