வாழ்க்கைத்திறன் பயிற்சியும் என் அனாமத்துக் கணக்கும்

பி.காம். படிப்பவர்களுக்கு அனாமத்துக் கணக்கு என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கணக்கையும் எழுதி முடித்து இருப்பாய்வு போட்டால், பற்றும் வரவும் சமமாக வர வேண்டும். சில சமயம் வராது. எங்கே தவறு என்று தேட நேரமும் இருக்காது. அப்போது அந்த வித்தியாசத் தொகையைத் தூக்கி அனாமத்துக் கணக்கு என்ற தலைப்பில் போட்டுவிட்டு மேலே போகலாம். பார்ப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் பிழை எங்கேயும் போகவில்லை. கண்டுபிடித்துத் திருத்தும் வரை அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும்.

2024 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நான் அப்படித்தான் இருந்தேன். வெளியே எல்லாம் சரி. உள்ளே ஒரு தொகை மட்டும் கணக்கில் வரவில்லை.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2023 ஆகஸ்ட். கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் மூன்று நாள் வாழ்க்கைத்திறன் பயிற்சி என்று அறிவித்தார்கள். வராதவர்களுக்கு கிரெடிட் கிடையாது, அதனால் எல்லோரும் வந்தோம். ஒரே ஹாலில் நூற்று எண்பது பேர். மேலே ஆறு மின்விசிறி, அதில் இரண்டு ஓடாது. முதல் நாள் வந்த டிரெய்னர் கோட்டும் காலர் மைக்கும் போட்டிருந்தார். அவர் 'குட் மார்னிங்' என்றால் நாங்கள் 'வெரி வெரி குட் மார்னிங்' என்று கூரை அதிரக் கத்த வேண்டும். சத்தம் போதவில்லை என்றால் மறுபடியும். பிறகு பலூன் ஊதினோம், செய்தித்தாளில் கோபுரம் கட்டினோம், பக்கத்தில் இருப்பவனின் தோளைப் பிடித்துவிட்டோம். 'உன்னால் முடியும்' என்று அவர் எத்தனை முறை சொல்கிறார் என்று என் நண்பன் நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நாற்பதைத் தாண்டிவிட்டது :-)

இரண்டாம் நாள் வேறொருவர் வந்தார். பருத்திப் புடவை கட்டிய, அம்மா வயதுள்ள ஒருவர். மைக்கை வாங்கி மேசையில் வைத்துவிட்டு எங்களைப் பன்னிரண்டு குழுக்களாகப் பிரித்தார். உலக சுகாதார நிறுவனம் 1990களில் பள்ளிப் பிள்ளைகளுக்காக வகுத்த பத்து வாழ்க்கைத்திறன்களைக் கரும்பலகையில் எழுதினார். தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், தெளிந்து ஆராயும் சிந்தனை, படைப்புச் சிந்தனை, முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், நன்றாகப் பேசுதல், உறவைப் பேணுதல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல். பட்டியலைப் பார்த்ததும் 'பத்து மார்க் கேள்வி' என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

மத்தியானம் ஒரு பயிற்சி வைத்தார். தப்பு செய்துவிட்ட ஒருவன் வீட்டில் உதவி கேட்க வேண்டும். மூன்றே வாக்கியம்தான் அனுமதி. என்ன நடந்தது என்பது ஒன்று. எனக்கு இப்போது எப்படி இருக்கிறது என்பது இரண்டு. உங்களிடம் எனக்கு என்ன வேண்டும் என்பது மூன்று. மன்னிப்பு, சாக்கு, முன்கதை எதுவும் கூடாது. என்னை எழுப்பிவிட்டார்கள். என் நண்பன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவாக உட்கார்ந்தான். நான், "அப்பா, உங்க பைக்கைக் கொண்டுபோய் எருமை மேல விட்டுட்டேன். எனக்குப் பயமா இருக்கு. எருமைக்காரருக்கும் எனக்கும் நடுவுல கொஞ்சம் வந்து நில்லுங்க" என்றேன். ஹால் முழுக்கச் சிரிப்பு.

அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு, "சிரிச்சுக்கிட்டே பழகுங்க, தப்பில்ல. அழுகிற நேரத்துல புதுசா வாக்கியம் தேட முடியாது" என்றார்.

கடைசி நாள் தேர்வில் எனக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு. முடிவெடுத்தலின் படிகளை வரிசை மாறாமல் எழுதியிருந்தேன்.

இப்போது அந்தத் தொகைக்கு வருகிறேன்.

2024 ஜனவரியில் கல்லூரிக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் சேர்த்து அப்பா என் கணக்கில் 38,000 ரூபாய் போட்டார். அப்பா எங்கள் ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். அந்தப் பணம் சீட்டு எடுத்த பணம். கட்டுவதற்கு இன்னும் நாள் இருந்தது. விடுதியில் இரண்டு சீனியர்கள் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். காமர்ஸ் படிக்கிறேன், எனக்குத் தெரியாததா என்று நானும் நிஃப்டி ஆப்ஷன் வாங்கினேன். முதல் நாள் 1,900 ரூபாய் லாபம். அன்று இரவு அறைக்காரர்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஆப்ஷன் என்பது நாள் போகப்போகக் கரையும் சரக்கு. நினைத்த திசையில் நினைத்த நேரத்துக்குள் சந்தை போகாவிட்டால் முதிர்வு நாளில் அது வெறும் பூஜ்யம். இது எனக்குத் தெரியும். அந்தச் செயலியைத் திறக்கும்போது 'பத்தில் ஒன்பது தனிநபர்கள் இதில் நட்டமடைந்தார்கள்' என்று எச்சரிக்கை வரும். செபியின் உத்தரவுப்படி 2023 ஜூலையிலிருந்து தரகு நிறுவனங்கள் அதைக் காட்ட வேண்டும் என்று ஆகியிருந்தது. நான் தினமும் அதைப் படித்தேன். தினமும் 'சரி' என்று அழுத்தினேன். தெளிந்து ஆராயும் சிந்தனையில் முழு மார்க் வாங்கியவன் நான்தான் என்பதை இங்கே நினைவூட்டிக்கொள்கிறேன்.

பிப்ரவரி பாதியில் 38,000 என்பது 1,140 ஆகியிருந்தது. விட்டதைப் பிடிக்க நண்பனிடம் 5,000 கடன் வாங்கினேன். அதுவும் போனது. அதே வருடம் செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வில், 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதத் தனிநபர்கள் இப்படி நட்டமடைந்தார்கள் என்றும், சராசரி நட்டம் தலைக்கு சுமார் 2 லட்சம் என்றும் இருந்தது. என் பணம் அந்தக் கணக்கில் ஒரு தூசு. ஆனால் எங்கள் வீட்டில் அது தூசு இல்லை.

அப்பாவிடம் 'கட்டிட்டேன்பா' என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு அவர் போன் வந்தாலே வயிறு கலங்கும். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விடியும் வரை கூட்டல் கழித்தல்தான். சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் சிரித்தேன், கிரிக்கெட் ஆடினேன், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று நினைக்க ஆரம்பித்தேன். முதலில் எப்போதாவது. மார்ச் முடிவில் தினமும்.

ஏப்ரல் முதல் வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்: கட்டணம் செலுத்தாதவர்களுக்கு ஹால் டிக்கெட் இல்லை. அன்று இரவு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அக்காவைக் கூப்பிட வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. எங்கே தொடங்கினாலும் சாக்காகத்தான் வந்தது. அப்போதுதான், நம்பினால் நம்புங்கள், அந்த எருமை நினைவுக்கு வந்தது.

அக்கா எடுத்ததும் சொன்னேன். "அக்கா, அப்பா குடுத்த ஃபீஸ் பணத்தை எல்லாம் ஷேர்ல விட்டுட்டேன். எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கல. நீ கொஞ்சம் வா."

மூன்று வாக்கியம். எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, அப்படி வந்துவிட்டது.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏல, சாப்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "மொதல்ல கீழ எறங்கி யாரு கூடயாவது போயி சாப்பிடு. போன வைக்காத. காலைல மொத பஸ்ல வாரேன்." அப்படியே வந்தாள். அவளே என்னை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். டாக்டர் அரை மணி நேரம் கேட்டார். இது மனச்சோர்வு, குணமாகக்கூடியது என்றார். சில மாதம் மாத்திரை சாப்பிட்டேன், அங்கேயே ஆலோசகரிடமும் போய்ப் பேசினேன்.

அப்பாவிடம் சொன்ன நாள் இன்னும் கஷ்டம். அவர் கத்தவில்லை. ஒரு தாளை எடுத்து, "மொத்தம் எவ்வளவு? கைமாத்து எதுவும் இருக்கா?" என்று கேட்டு வரிசையாக எழுதினார். அடியில் கோடு போட்டுக் கூட்டினார். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே, "இத எங்கிட்ட சொல்ல ஒனக்கு மூணு மாசம் ஆச்சாலே?" என்றார். பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் இன்னும் வலிக்கிறது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது, நான் தேர்வு எழுதினேன்.

சரி, அந்தப் பயிற்சி என்னைக் காப்பாற்றியதா? இதை யோசித்து யோசித்து, கொஞ்சம் தேடியும் படித்தேன்.

வாழ்க்கைத்திறன் பயிற்சியின் வேர்களில் ஒன்று 1970களின் இறுதியில் அமெரிக்காவில் இருக்கிறது. கில்பர்ட் பாட்வின் என்ற உளவியலாளர், பள்ளிப் பிள்ளைகள் சிகரெட் பிடிக்கத் தொடங்காமல் இருக்க ஒரு திட்டம் போட்டார். 'புகை பிடித்தால் புற்றுநோய்' என்று பயமுறுத்துவதோடு நிற்காமல், நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது என்று நடித்துப் பழக வைத்தார். அதாவது தகவல் மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும். என் செயலியில் வந்த எச்சரிக்கை தகவல். அந்த அம்மா சொல்லிக்கொடுத்த மூன்று வாக்கியம் பழக்கம். எது எனக்கு உதவியது என்பது மேலே இருக்கிறது.

ஆனால் இதற்கு எல்லையும் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு வருடம் இந்தப் பயிற்சி பெற்ற 605 பள்ளி மாணவர்களையும் பெறாத 423 பேரையும் ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குத் தன்மதிப்பும், சமாளிக்க முடியும் என்ற எண்ணமும், ஆசிரியர்களோடும் பள்ளியோடும் ஒத்துப்போவதும் கூடியிருந்தன. ஆனால் மனநலக் கோளாறுக்கான அறிகுறிகளில் இரு தரப்புக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு இது புரிகிறது. அந்த ஏப்ரலில் என்னை ஹாலில் உட்கார வைத்து இன்னும் முப்பது மணி நேரம் பாடம் நடத்தியிருந்தாலும் தூக்கம் வந்திருக்காது. எனக்குத் தேவைப்பட்டது டாக்டர். பயிற்சி செய்தது ஒன்றே ஒன்று, டாக்டர் வரைக்கும் போக வழிவிட்டது.

யார் நடத்துகிறார்கள் என்பதும் முக்கியம். பீகாரில் நாளந்தா மாவட்ட அரசுப் பள்ளிகளில் ஒரே நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி தந்து அமர்த்திய உள்ளூர் ஆலோசகர்களும் நடத்தினார்கள். பிரச்சினைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, தனியாகப் போய்ப் பேச ஓர் ஆள், எல்லாம் அதில் உண்டு. 2018இல் வந்த முடிவின்படி, ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. ஏற்கெனவே பாடம் நடத்தும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டிய பள்ளிகளில் அப்படி எந்தப் பலனும் இல்லை.

கல்லூரிகளுக்கு யு.ஜி.சி. 2019இல் ஜீவன் கௌஷல் என்று ஒரு பாடத்திட்டம் கொடுத்தது. பேச்சுத்திறன், தொழில்திறன், தலைமைத்துவம், மனித விழுமியங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. தவறில்லை, எனக்கும் வேலை வேண்டும். ஆனால் வாழ்க்கைத்திறன் என்றாலே பயோடேட்டா எழுதுவதும் நேர்காணலில் கைகுலுக்குவதும்தான் என்று ஆகிவிட்டால், 'எனக்கு முடியல' என்று சொல்ல எங்கே பழகுவது?

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. எல்லாமே திறன் என்று சொல்லிவிட்டால், கஷ்டப்படுகிறவனுக்குத் திறன் போதவில்லை என்று ஆகிவிடும். சீட்டு எடுத்து ஃபீஸ் கட்டும் வீட்டில் பிறந்தது திறன் குறைவா? தவறு செய்தது நான், மறுக்கவில்லை. ஆனால் 'உன்னால் முடியும்' என்று நாற்பது தடவை கேட்டவனுக்கு, முடியாமல் போனபோது வெட்கம்தான் அதிகமாக இருந்தது. மூன்று மாதம் வாயை மூட வைத்தது அந்த வெட்கம்.

கல்லூரிகள் கேட்குமோ கேட்காதோ, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நூற்று எண்பது பேரை ஒரே ஹாலில் அடைக்காதீர்கள், பதினைந்து பேராகப் பிரியுங்கள். மூன்று நாளில் முடிக்காமல் வாரம் ஒரு மணி நேரம் வையுங்கள். மார்க் போடாதீர்கள். பயிற்சி முடிந்த பிறகு தேடிப்போய்ப் பேச வளாகத்தில் ஓர் ஆலோசகரை வையுங்கள்.

ஒருவேளை நீங்களும் இப்போது ஏதாவது ஒரு தொகையை அனாமத்தில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தால், அந்த மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்ல அக்கா இல்லை என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

நான் மாலை நேரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். 2025 ஜனவரியில் அம்மாவின் வளையலை மீட்டோம். அன்று அப்பா அந்தப் பழைய தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து என்னிடமே கொடுத்து, கடைசி வரியை எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டு பக்கமும் சரியாக வந்தது.