முள் இருந்த இடம்

சீமைக் கருவேலமரம் நம் நாட்டு மரமன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, ராமநாதபுரம் சீமையின் கண்மாய்களையும் தரிசுகளையும் ஆக்கிரமித்து, 2017-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அதை அகற்றும்படி உத்தரவிட வேண்டிய அளவுக்குப் பெருகிவிட்டது என்பதை யாவரும் அறிவர். ஆனால் முதுகுளத்தூருக்குத் தெற்கே, சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில், ஒரு கண்மாய்க்கரைமேல் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் அதன் முள்ளால் காற்றிறங்கி நின்றவனுக்கே அம்மரத்தின் பிரபாவம் பூரணமாக விளங்கும்.

இத்தனைக்கும் அன்று காலையில்தான், வழியில் ஒரு டவுனில், அதே சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டியிருந்தேன். கால் மணிக்குள் வேலையை முடித்துக்கொடுத்த கடைக்காரரின் சுறுசுறுப்பை நானே மெச்சினேன். பிறகு, அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதைப் பார்க்கும் ஆசையில் தார்ச்சாலையை விட்டிறங்கிக் கண்மாய்க்கரை மாட்டுவண்டித் தடத்தில் கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டியின் பின்பாகம் இருபுறமும் அலையத் தொடங்கிற்று. இறங்கிப் பார்த்தால் டயர் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மூட்டம் புகைந்த இடத்தை அடைந்தேன். அங்கிருந்த பெண் ஒருத்தி சொல்லியனுப்ப, அரை மணி கழித்து ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். அவருடைய உரச்சாக்குப் பைக்குள் இரண்டு லிவர், குறடு, கைப்பம்பு, உப்புத்தாள், சொல்யூஷன், பழைய டியூபில் வெட்டிய ஒட்டுகள், இவற்றோடு ஒரு பிடி பஞ்சு. இந்தப் பஞ்சு எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சக்கரத்தை அவர் கழற்றவில்லை. வால்வுப் பக்கம் லிவரைக் கொடுத்து நெம்பி, எதிர்ப்பக்கத்து டயர் விளிம்பை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்தில் அழுத்தித் தளர்வு உண்டாக்கி, டியூபை ஒரு பக்கமாகவே உருவி எடுத்தார். குமிழி பார்க்கத் தண்ணீர் கேட்பார் என்று நினைத்தேன். குடிக்கவே குடத்துக்குக் காசு கொடுக்கும் பூமியில் அதற்கு ஏது தண்ணீர்? காற்றடித்த டியூபைக் கன்னத்தருகே கொஞ்சங்கொஞ்சமாக நகர்த்தி, ஓட்டை எங்கே என்று சருமத்தாலேயே கண்டுபிடித்துவிட்டார். காலையில் போட்ட ஒட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் புதிய துவாரம் இருந்தது.

“ஒட்டினது சரிதான் தம்பி. ஆனா முள்ளை யாரு எடுப்பா?”

வால்வை வால்வுத் துவாரத்துக்கு நேரே பிடித்து டியூபை டயரின்மேல் வைத்தார். டியூபில் ஓட்டை இருந்த இடத்துக்கு நேராக, டயருக்குள் பஞ்சை நுழைத்து மெல்ல இழுத்தார். ஓரிடத்தில் பஞ்சின் நூலிழை ஒன்று மாட்டி நின்றது. அங்கே விரலால் தடவியபோது எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் டயரை வளைத்துப் பிடித்ததும் உள்ளே முறிந்திருந்த முள்முனை, பால்பல் முளைப்பதுபோல், லேசாகத் தலைகாட்டிற்று. குறட்டால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். அரை நெல் நீளங்கூட இராது.

உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவிய பிறகு அவர் காட்டிய நிதானத்தைத்தான் நான் மிகவும் ரசித்தேன். ஈரம் காய்ந்து பசை மங்கும்வரை ஒட்டைத் தொடாமல், மரம் வெட்டிக் கரி சுட்ட காலத்துக் கதையைப் பேசிக்கொண்டிருந்தார். “அப்ப முள்ளு என் காலைக் குத்துச்சு, கூலி குறைச்சல். இப்ப ஊரான் டயரைக் குத்துது, தேவலை” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். என் செலவில் சொன்ன ஹாஸ்யம் என்றாலும் நானும் சிரித்தேன்.

டயரை மாட்டும்போது எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடித்தார். டியூப் லிவரில் சிக்கி மறுபடி கிழியாதிருக்க, கடைசிப் பகுதியை உள்ளங்கையாலேயே தள்ளினார். பின்சக்கரத்துக்கு 28 பவுண்டு காற்று வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தின் விதி. அவரிடம் அளவுமானி கிடையாது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துப் போதும் என்றார். மாலையில் சாயல்குடி பெட்ரோல் பங்கில் அளந்தேன். 27 இருந்தது.

நண்பர்களே, பஞ்சர் ஒட்டியவரிடம் பணம் கொடுக்குமுன் முள்ளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.