பேஞ்ஜோ என்ற பெயரில் ஒரு பெட்டி

அமெரிக்காவில் ‘பேஞ்ஜோ’ என்றால் தோல் போர்த்த வட்ட முகமும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்திக்கருவி. மகாராஷ்டிரத்திலோ அதே சொல், மரப்பெட்டியின்மேல் தட்டச்சுப் பொறியைப்போல விசைகள் வரிசையாக அமைந்த வேறொரு கருவியைக் குறிக்கிறது. விநாயகர் ஊர்வலங்களில் ஒலிபெருக்கி வழியே அலறுவது இந்த இரண்டாவது பேஞ்ஜோதான். வட இந்தியாவில் ‘புல்புல் தரங்’, பலூச்சிகளிடம் ‘பென்ஜு’, நம்மூரில் ‘புல்புல் தாரா’. இதன் மூலக்கருவி ஜப்பானுடையது: 1912-இல் நகோயா நகரில் மோரிதா கோரோ உருவாக்கிய தைஷோகோத்தோ. ஆக, ஜப்பானில் பிறந்த ஒரு கருவி, அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு அட்லாண்டிக்கைக் கடந்த இன்னொரு கருவியின் பெயரைச் சூடிக்கொண்டு புணே வீதிகளில் உலவுகிறது. (அப்பெயரின் வேரைக் கிம்புண்டு மொழியின் ‘ம்பன்சா’ என்ற சொல்லில் தேடுவோர் உண்டு.) கடன்சொற்களில் ஆய்வு செய்யும் ஒருவரை விலை பேச வைக்க இவ்வளவு போதும்.

புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரில், பழைய பூட்டுகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்த ஒன்றை 700 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரு கைவேலை தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதன் இயக்கம் எளிது. விசையை அழுத்தினால் அதனடியிலுள்ள தகடு தந்தியை மெட்டின்மேல் பதிக்கும்; விரலை எடுத்தால் ஒரு சுருள்வில் விசையை மேலே தள்ளும். மற்றொரு கை தந்தியை மீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஓடும் சுருதித் தந்திகளை எந்த விசையும் தொடுவதில்லை. என் பெட்டியில் சுருதித் தந்திகள் எல்லாம் அறுந்திருந்தன. ஒன்பது சுருள்வில்கள் துருவில் உதிர்ந்திருந்தன. மேற்பலகையில் ஒரு சாண் நீளத்திற்கு விரிசல். விரிசலில் பெவிகால் புகுத்தி, பாரத்திற்குத் திராவிட வேர்ச்சொல் அகராதியை ஏற்றி வைத்தேன். அந்த அகராதி என் விடுதியறையில் ஓர் இரவு முழுவதும் திறக்கப்படாமல் கிடந்தது அன்றுதான். சுருள்வில்களுக்கு மை தீர்ந்த பேனாக்கள் கைகொடுத்தன. தாழ்வாரம் முழுவதும் இரந்து திரிந்தேன். தந்திகளுக்குக் கிடாரின் முதல் தந்தியே பொருந்தியது. தொல்லை தந்தவை முறுக்காணிகள். வீணையில் பிரடை செய்யும் வேலையை இங்கே இரும்பாணிகள் செய்கின்றன. மரத்துளைகள் தேய்ந்து அகன்றிருந்ததால், கூட்டிய சுருதி நொடியில் நழுவியது. உப்புத்தாளை மெல்லிய நாடாக்களாக நறுக்கித் துளைகளுக்குள் சுற்றி, ஆணிகளை மீண்டும் இறுக்கினேன். இந்த ஒரு வேலைக்கே இரண்டு வாரம் ஆயிற்று.

அதன்பின் விசைகளைத் துடைக்கத் தொடங்கியபோதுதான் கை நின்றது. ஒவ்வொரு விசையின் தலையிலும் காகிதத்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. அடியில் அச்சிட்ட எண்கள். அதன்மேல் நாகரியில் கையால் எழுதிய ஸ, ரே, க. அதற்கும் மேலே, நீல மையில், எனக்கு விளங்காத கோடுகளும் புள்ளிகளும். பெட்டியின் பக்கவாட்டில், ஒலிவாங்கியின் கம்பி செல்வதற்காக யாரோ சீரற்றுத் துளைத்த ஒரு துளை. ஊர்வலத்தில் வாசிக்கப்பட்ட கருவி. ஒருவேளை யாருக்கோ அதுதான் பிழைப்பு.

இசைக்கருவி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். “எல்லாத்தையும் சுரண்டி, துளையை அடைச்சு, பாலீஷ் போட்டுடலாம். புதுசு மாதிரி ஆயிடும்” என்று மராத்தியில் சொன்னார். அவர் தொழிலில் அது நியாயமே. எனக்கோ அந்தப் ‘புதுசு’ என்ற சொல் உறுத்தியது.

வரலாற்று மொழியியலில், சான்றில்லாத தொல்வடிவத்தை உறழ்ந்து மீட்டெடுக்கும்போது அதன் முன்னே ஓர் உடுக்குறி இடுவோம். இவ்வடிவம் எங்கும் பதிவாகவில்லை, நாங்கள் கணித்தது என்பதற்கான ஒப்புதல் அது. சுரண்டி மெருகேற்றிய என் பேஞ்ஜோவும் உடுக்குறி இட வேண்டிய பொருளாகவே இருக்கும்: தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அன்று, ஊர்வலத்தில் போனதும் அன்று. மொழியில் மீட்டுருவாக்கம் செய்தால் சான்றுகள் அப்படியே இருக்கும். நாளை வேறொருவர் வந்து என்னை மறுக்கலாம். மரத்தில் செய்தால் சான்றே குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

ஆகவே ஒலிக்கத் தேவையானதை மட்டும் மாற்றினேன். துளை அப்படியே இருக்கிறது. காகிதங்களை உரிக்கவில்லை. அடியில் உள்ளதைப் படிக்க வேண்டுமானால் மேலே உள்ளதைக் கிழிக்க வேண்டும். அந்த நீலக் குறிகள் வேறு எங்கும் இருக்கப்போவதில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்ததில் நாகரி எழுத்துகள் ஏழு தெரிந்தன. மற்றவற்றை அறியும் ஆசையை விட்டுவிட்டேன். அது எளிதாக இருக்கவில்லை. ஆய்வாளர் கை அரிக்கத்தான் செய்யும்.

இப்போது வாசிக்கிறது. விசைகள் அரைச்சுரங்களில் நிற்பதால் கமகத்திற்கு வழி குறைவு; மாயாமாளவகௌளை இதில் ஆரோகண அவரோகணத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் சினிமாப் பாட்டின் பல்லவியை விரைந்து மீட்டினால் எதிர் அறை மராத்தி நண்பர் தாளம் போட்டபடி வந்து நிற்கிறார். ஐந்தாம் விசை மட்டும் மழை நாட்களில் ஒட்டிக்கொள்கிறது.

நீலக் குறிகளின் படங்களைக் கீழே இணைத்திருக்கிறேன். பேஞ்ஜோ குழுக்களோடு பழகியவர்கள் யாரேனும் இம்முறையைக் கண்டதுண்டா? உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், அதை உங்கள் பாட்டி என்ன பெயர் சொல்லி அழைத்தார் என்பதையும் ஊரின் பெயரோடு எழுதுங்கள்.