இரண்டாம் முறை பார்த்தல்



தாராவியின் 90 அடி சாலையில் ஒரு மாலைவேளை நடந்து பாருங்கள். கடையில் இந்தி, குழாயடியில் மராத்தி, வீட்டு வாசலில் நெல்லைத் தமிழ். இத்தனை மொழிகள் ஒலிக்கும் சந்தில், மூன்று வயதாகியும் ஒன்றிலும் பேசாத பிள்ளையின் கையைப் பிடித்து நிற்கும் பெற்றோர் நீங்களாக இருக்கலாம். "ஆட்டிசம்" என்று எழுதிய மருத்துவ அறிக்கை உங்கள் பையில் இருக்கலாம்.

அன்றிரவு ஊரிலிருந்து பாட்டி, "ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்" என்பார். அண்டை வீட்டார், "பல மொழி கேட்டுக் குழம்பிவிட்டான்" என்பார். சபையிலேயே ஒருவர், "யார் செய்த பாவமோ!" என்று பெருமூச்செறிவார். யாரை நம்புவது? வேறொரு மருத்துவரிடம் காட்டலாமா? அது அவிசுவாசமா?

அல்லவே அல்ல. ஆட்டிசத்தை எந்த இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் உறுதிசெய்வதில்லை. பிள்ளை விளையாடுவதைக் கவனித்தும், பெற்றோரிடம் விசாரித்தும் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். புதிய அறை, களைத்த பிள்ளை, வீட்டில் தமிழ் மட்டும் கேட்ட செவிக்கு இந்தியில் கட்டளை. முதல் பார்வை மங்கலாக இருக்கக்கூடும். ஆகையால் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டு செல்லுங்கள். வீட்டில் அவன் விளையாடுவதைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுங்கள். முதல் அறிக்கையை மறைக்காதீர்கள்.

ஆனால் ஒன்றை அறியுங்கள். பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. அதற்காகத் தமிழைக் கைவிடவும் வேண்டாம். பேச்சுத் தாமதம் மட்டுமே ஆட்டிசம் ஆகாது. பேர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா? விரும்பியதை விரலால் சுட்டிக்காட்டுகிறானா? கண்ணோடு கண் பார்க்கிறானா? இவற்றையே மருத்துவர் முக்கியமாக நோக்குவார்.

இனி வழியைச் சொல்கிறேன். தாராவி 60 அடி சாலையில், மக்கள் "சோட்டா சயான்" என்றழைக்கும் நகர்ப்புற சுகாதார மையம் உண்டு. அதன் தாய், 1947-ல் தொடங்கிய சயான் மாநகராட்சி மருத்துவமனை. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அதுவே அண்டை. அங்கே குழந்தைகள் நலப் பிரிவில் கேளுங்கள்.

பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பாந்திரா ரெக்லமேஷனில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இதற்கென்றே 1983-ல் நிறுவப்பட்டது. "பெரா" என்னும் பரிசோதனையில், உறங்கும் பிள்ளையின் தலையில் சிறு கம்பிகளை ஒட்டி, ஒலி மூளைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். வலி இல்லை. முந்தின இரவு சற்றுத் தாமதமாகத் தூங்கவைத்தால் நல்லது.

அரசுச் சான்றிதழுக்கு இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது. அதில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று.

செம்பூரில் ஹார்பர் ரயில் ஏறினால், வண்டி மாறாமல் சிவ்ரியில் இறங்கலாம். அங்கே ஜெய் வக்கீல் பள்ளி இருக்கிறது. 1944-ல் வக்கீல் தம்பதியர், வளர்ச்சிக் குறைபாடுள்ள தங்கள் மகளின் பொருட்டு அதைத் தொடங்கினார்கள். மகளைக் குறித்து வெட்கப்பட்டு மறைக்காமல், அவளுக்காக ஒரு பள்ளியையே திறந்த பெற்றோர்!

பிரியமானவர்களே, ஓர் அறிக்கை செய்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பன் இப்படிப்பட்ட காகிதத்தோடு என்னிடம் வந்தார். "ஜெபிப்போம், பொறுத்திருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் நான்கு மருத்துவர்களிடம் அலைந்தார், "ஒன்றுமில்லை" என்ற சொல்லைத் தேடி. ஒன்றரை வருடம் கழிந்தது, பயிற்சி தொடங்கவில்லை. அந்த ஒன்றரை வருடத்துக்கு நானும் கணக்கொப்புவிக்க வேண்டியவன்.

ஆகவே இரண்டாவது கருத்தைக் கேளுங்கள். ஆனால் அதற்காகக் காத்திராதேயுங்கள். பேச்சுப் பயிற்சியையும் விளையாட்டுப் பயிற்சியையும் இந்த வாரமே தொடங்குங்கள். நாளை முடிவு மாறினாலும், சேர்ந்து விளையாடிய நேரம் வீணாகாது. சிறு வயதில் தொடங்குவதே மிகுந்த பயன் தரும். இரண்டு மருத்துவர்கள் ஒன்றையே சொன்னால், மூன்றாமவரைத் தேடாமல் பிள்ளையைத் தேடுங்கள்.

பிறவிக்குருடனைக் குறித்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, ஆண்டவர் அவனையும் குற்றப்படுத்தவில்லை, பெற்றோரையும் குற்றப்படுத்தவில்லை. பெத்சாயிதாவின் குருடனோ, முதலில் மனிதரை மரங்களைப்போலக் கண்டான். அதைச் சொல்ல அவன் வெட்கப்படவில்லை. ஆண்டவரும் அவனைக் கடிந்துகொள்ளாமல் இரண்டாம் முறை கைவைத்தார்.

உங்கள் பிள்ளை மரமல்ல, மனிதன். அவனைத் தெளிவாய்க் காணும்படி இரண்டாம் முறை பாருங்கள். பார்த்தபின், அவன் கையைப் பிடித்து நடக்கத் தொடங்குங்கள்.