தண்ணீர் மேலிருந்து வரவேண்டும்

பாத்திரம் கழுவும் இயந்திரம் என்றதும் எம்மவர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றுவதை அவதானித்திருக்கின்றேன். சலவை இயந்திரம் வீடுகளுக்கு வந்தபோது எவரும் அவ்வாறு சிரிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியை இன்று எவரும் ஆடம்பரம் என்று சொல்வதுமில்லை. ஆனால், சாப்பிட்ட கோப்பையைக் கழுவுவதற்கும் ஓர் இயந்திரமா என்ற கேள்வி மாத்திரம் இன்னமும் உயிரோடிருக்கின்றது. அந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் அநேகர் வீட்டில் கோப்பை கழுவாதவர்கள் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட்டேயாக வேண்டும்.

இந்த இயந்திரத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள ஷெல்பிவில் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜோசபின் கொக்ரேன் என்ற பெண்மணி, 1886ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். பணியாட்கள் கழுவும்போது தமது விலையுயர்ந்த பீங்கான்கள் சேதமடைவதைப் பொறுக்கமாட்டாமல் அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்பர். கணவர் கடன்களை விட்டுவிட்டு இறந்துபோகவே, முயற்சி பிழைப்பாக மாறியது. தேய்ப்பதற்குப் பதிலாக, அமுக்கத்துடன் பீறிடும் நீரைக் கொண்டு கழுவுவதே அவர் கண்ட வழியாகும். 1893ஆம் ஆண்டு சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அந்த இயந்திரம் பலரது கவனத்தையும் ஈர்த்தது. அதே 1893இல்தான் எமது அம்பிட்டியவில் பாப்பரசரின் குருமடம் ஆரம்பிக்கப்பட்டது. இரண்டுக்கும் யாதொரு தொடர்புமில்லை. எனினும், பத்திரிகைக்காரனின் கண் ஆண்டுகளைச் சோடி சேர்த்துப் பார்க்கவே பழகிவிட்டது. குருமடம் 1955இல் இந்தியாவின் பூனே நகருக்கு இடம்பெயர்ந்தது. இயந்திரமோ அம்பிட்டிய வந்து சேர நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

எமது வீட்டுக்கு அது வந்ததற்கு ஆடம்பரம் காரணமன்று. அம்பிட்டியவின் விடிகாலைக் குளிரில் குழாய் நீர் பனிக்கட்டி போலிருக்கும். சில ஆண்டுகளாக மூட்டு வாதத்தினால் அவதியுறும் என் மனைவிக்கு, அந்த நீரில் கை வைத்தால் விரல்கள் விறைத்துப்போய்விடும். பின்னர் நண்பகல் வரையில் ஒரு போத்தல் மூடியைக்கூடத் திறக்க முடியாது. நான் கழுவுவதாகச் சொன்னால் ஒரு கிழமை சம்மதிப்பாள். அடுத்த கிழமை, நான் எழும்புவதற்கு முன்னரே குசினியில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். இதை அறிந்த எங்கள் மகள், வெளிநாட்டிலிருந்து தனது சேமிப்பில் ஒரு பகுதியை அனுப்பி, இயந்திரத்தை வாங்கியேயாக வேண்டுமென்று பிடிவாதமாக நின்றாள்.

வந்த இயந்திரம் வேலை செய்யவில்லை. ஆளியை அழுத்தினால் விளக்குகள் எரியும்; அடியிலுள்ள மோட்டர் சில விநாடிகள் உறுமும்; பின்னர் 'டிக்' என்றொரு ஒலியும், மூச்சு வாங்குவது போன்ற மெல்லிய சீறலும் கேட்கும். அவ்வளவுதான். சில நிமிடங்களில் நீர்க்குழாய்ச் சின்னமிட்ட சிவப்பு விளக்கு மின்ன, இயந்திரம் ஓய்ந்துவிடும். திறந்து பார்த்தால் அடியில் ஓரகப்பை நீர்கூட இராது.

திருத்துவதற்கு வந்த இளைஞர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "சேர், தண்ணி எடுக்கிற வால்வு பழுது. புதுசு வெளியில இருந்துதான் வரவேணும், ரெண்டு மாதம் செல்லும்" என்றார். அவர் கூறிய விலை, இயந்திரத்தின் விலையில் கணிசமானதொரு பங்கு. மனைவி எதுவும் பேசவில்லை. மறுநாள் பார்த்தபோது, இயந்திரத்தின் தட்டுகளில் எங்கள் கோப்பைகள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. கையால் கழுவித் துடைத்து, அதனை அலுமாரியாகப் பாவிக்கத் தொடங்கியிருந்தாள்.

பேராதனையில் கலைப்பட்டம் பெற்றவனுக்கு வால்வைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், ஒருவர் சொன்னதை மாத்திரம் நம்பிச் செய்தி எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். ஆகவே, கையேட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன்.

நீர் நிரம்பாமைக்குக் காரணங்கள் சிலவே. முதலாவது, குழாய் வால்வு மூடியிருக்கலாம், அல்லது இயந்திரத்தின் பின்னால் நெளிகுழாய் மடிந்திருக்கலாம். இரண்டாவது, அக்குழாய் இயந்திரத்தோடு இணையும் வாயிலுள்ள சிறு வலையை மண்ணும் துருவும் அடைத்திருக்கலாம். மூன்றாவது, கதவு முற்றாகப் பூட்டிக்கொள்ளாதிருக்கலாம். நான்காவது, எங்கேனும் ஒழுகிய நீர் அடித்தட்டில் தேங்கினால், அங்குள்ள மிதவை உயர்ந்து நீர் வரவைத் தடுத்துவிடும். ஐந்தாவது, கழிவுநீர்க் குழாய் மிகத் தாழ்வாக இருந்தால், வந்த நீர் வந்தவாறே வெளியேறிவிடும். இவை யாவும் இல்லையெனில்தான் மின்சாரத்தால் திறக்கும் அந்த வால்வைச் சந்தேகிக்க வேண்டும்.

மின்செருகியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வலை சுத்தமாக இருந்தது, மிதவை உலர்ந்திருந்தது, குழாய்களில் குறையில்லை. பின்னர் ஒரு சோதனை செய்தேன். இயந்திரத்தை இயக்கி, அது நீருக்காகக் காத்திருந்த வேளையில் கதவைத் திறந்து நான்கு லீற்றர் நீரைக் கையால் ஊற்றி மூடினேன். இயந்திரம் உடனே கழுவத் தொடங்கியது. (எல்லா இயந்திரங்களும் இதற்கு இசையமாட்டா. உள்ளிருக்கும் நீரின் மட்டத்தை அளக்கும் வகையே இசையும்; குழாய்வழி வரும் நீரை அளக்கும் வகை இசையாது.) ஆக, கழுவும் பகுதியில் கோளாறில்லை. மிஞ்சியவை வால்வும் நீரும்தான்.

இந்நிலையில்தான் அக்கா வந்தார். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த அவர், எங்கள் வீட்டில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்து, முழங்கால் வலியினால் நின்றுகொண்டவர். கண்டிக்கு மருந்தெடுக்க வரும்போதெல்லாம் எங்களையும் பார்த்துவிட்டுப் போவார். நான் நிலத்தில் மண்டியிட்டிருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு விடயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"இந்த வீட்டுக் கொழாயில தண்ணி எப்பவும் அழுதுக்கிட்டுத்தானேங்க ஐயா வரும்" என்றார் அவர். "எங்க லயத்துப் பீலில கைய வச்சா, கையத் தள்ளிவுட்டுரும். தண்ணி மேல மலையில இருந்து எறங்கி வருது. இங்க தலைக்கு மேல தொட்டிய வச்சிட்டுத் தள்ளச் சொன்னா எப்பிடித் தள்ளும்?"

பதினாறு ஆண்டுகள் அந்தக் குழாயடியில் நின்றவர் சொன்னது அது. நான் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நீரின் அமுக்கம் குறைந்தது 0.5 பார் இருத்தல் வேண்டுமென்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. பத்து மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் நீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அமுக்கம் உண்டு. எனவே, 0.5 பாருக்கு ஐந்து மீற்றர் உயரம் வேண்டும். எங்கள் வீடு ஒருமாடி. கிணற்று நீரை மோட்டர் ஏற்றிவைக்கும் தாங்கி கூரைத்தட்டின் மீது இருந்தது. அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தேன். தாங்கியின் அடியிலிருந்து இயந்திரத்தின் வாய்வரை இரண்டரை மீற்றர். தேவையானதில் சரிபாதி! குசினிக் குழாயில் ஒரு லீற்றர் போத்தல் நிரம்ப இருபது விநாடிகள் சென்றன. இத்தகைய வால்வினுள்ளே இருக்கும் இறப்பர்த் தகடு, நீரின் அமுக்கத்தினாலேயே முழுமையாக விலகுவது. அமுக்கம் போதாவிடில் அது அரைகுறையாகத் திறந்து நீரைக் கசியவிடும். குறித்த நேரத்துக்குள் மட்டம் உயராமையால் இயந்திரம் கைவிட்டுவிடுகின்றது.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதற்கு வழி, குழாயில் பொருத்தும் சிறிய அமுக்க மோட்டர். எங்களுக்கோ மலையே இருந்தது. வீட்டின் பின்னால், எங்கள் காணிக்குள்ளேயே, படிக்கட்டு வரம்புகளாக மேலேறும் சரிவில் பலாமரத்தடியில் ஒரு சமதரை உண்டு. அங்கே சீமெந்துத் தளமிட்டுத் தாங்கியை ஏற்றினோம். கிணற்று மோட்டருக்கு மேலதிகமாக ஆறேழு மீற்றர் ஏற்றுவது சிரமமாக இருக்கவில்லை. குசினிக்கு இப்போது ஒன்பது மீற்றர் உயரத்திலிருந்து நீர் இறங்குகின்றது. அதே போத்தல் பதினொரு விநாடிகளில் நிரம்பியது. பழுதென்று சொல்லப்பட்ட அதே வால்வினூடாக இயந்திரமும் நிரம்பியது. செலவு, வால்வுக்குக் கேட்ட தொகையிலும் குறைவு.

இது ஒன்றும் புதிய வித்தையல்ல. அம்பிட்டியவுக்கும் கண்டி நகருக்கும் இடைப்பட்ட துனுமடலாவக் காட்டினுள், நகருக்கு நீர் வழங்கவென அமைக்கப்பட்ட இரு பழைய நீர்த்தேக்கங்கள் உள்ளன. மலையில் தேங்கும் நீர் தானாகவே நகருக்கு இறங்கும். தாழ்வில் ஓடும் மகாவலியின் நீரையோ கெட்டம்பேயிலிருந்து இயந்திரங்களால் மேலேற்ற வேண்டியுள்ளது. உயரத்தின் பெறுமதியை இந்த ஊர் நன்கறியும். தோட்டத்து லயங்களில் ஒரே பீலியைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டு, வரிசையில் நின்று குடம் நிரப்பிய பெண்கள் அதைவிட நன்கறிவார்கள். கையேட்டை எழுதியவர்கள், குழாயைத் திறந்தால் நீர் பாய்ந்து வரும் நகரங்களை மனதிற்கொண்டு எழுதியிருக்கின்றார்கள். அதனாலேயே நீர் அமுக்கம் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. எமது வீடுகளைப் பொறுத்தவரையில் அது முதற்பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி.

என் மனைவி அலுமாரியைக் காலிசெய்துவிட்டாள். காலையில் போத்தல் மூடிகளையும் அவளே திறக்கின்றாள். அக்காவுக்கு நன்றி சொன்னபோது, "நான் என்னத்தங்க ஐயா செஞ்சேன்" என்று சிரித்துவிட்டுத் தேநீரைக் குடித்தார். அந்தக் கோப்பையை அவர் கழுவப் போனபோது, மனைவி வாங்கி இயந்திரத்தினுள் வைத்தாள்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய இயந்திரம் நீர் எடுக்க மறுத்தால், வலையையும் மிதவையையும் பாருங்கள். அதற்கும் முன்னர், ஒரு லீற்றர் போத்தலையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குச் செல்லுங்கள். பின்னர் தாங்கியின் உயரத்தை அளந்து பாருங்கள். வால்வுக்குப் பணம் கட்டுவதை அதன் பிறகு யோசிக்கலாம்.