மலையடிவாரத்தில் மூன்று பையன்கள்

ஆண் பிள்ளைகள் மூவர் உள்ள வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. முறம் கப்பலாகிவிடும். தலையணை உறை மூட்டையாகிவிடும். மக்ரிபுக்கு நேரமாகிவிட்டதே என்று தொழுகை விரிப்பைத் தேடினால், அது கட்டிலடியில் ஏதோ ஓர் அரசனின் கூடாரமாக விரிந்து கிடக்கும். எங்கள் மூத்தவனுக்கு 11 வயது, நடுவுள்ளவனுக்கு 8, இளையவனுக்கு 4. அல்ஹம்துலில்லாஹ், மூவரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். அவர்கள் வாயை மூடியிருக்கும் நேரம் உறங்கும் நேரம் மட்டுமே; நடுவுள்ளவன் உறக்கத்திலும் பேசுவான்.

நாங்கள் குடியிருப்பது தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில். ஜும்ஆவுக்கும் சந்தைக்கும் போடிநாயக்கனூருக்குத்தான் போய் வருகிறோம். மேற்கே வானை மறித்துக்கொண்டு மலை நிற்கிறது. அதற்கு அப்பால் கேரளம், ஏலத்தோட்டங்கள். மலை மேற்கில் இருப்பதனால் எங்கள் ஊரில் வெயில் சீக்கிரமே விடைபெற்றுவிடும். கடிகாரப்படி மக்ரிபுக்கு இன்னும் நேரம் இருக்கும். கதிரவனோ மலைக்குப் பின்னால் ஒளிந்திருப்பான். சென்ற ரமளானில் நடுவுள்ளவன் முதன்முதலாக நோன்பு பிடித்தபோது இது பெரும் வழக்காகவே மாறியது. “சூரியன் மறைஞ்சிருச்சுல்ல, அப்புறம் என்ன?” என்று பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினான். மலைக்குப் பின் மறைவது வேறு, அடிவானத்தில் மறைவது வேறு என்று அவனுடைய அத்தா விளக்கினார். “அப்ப மலைக்கு அந்தப் பக்கம் போய் யாராச்சும் பாத்துட்டுச் சொல்லணும்” என்றான். மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் வாங்கப் போயிருந்த ஓர் உறவினரைத் தொலைபேசியில் அழைத்து, “இன்னும் மறையல” என்ற சாட்சியத்தைப் பெற்ற பின்னரே வழக்கு முடிந்தது. அதற்குள் பாங்கும் ஒலித்துவிட்டது.

பிள்ளைகளின் அத்தா போடியில் ஏலக்காய் வணிகர் ஒருவரின் கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். பருவம் ஆடிக்குப் பிறகு சூடுபிடித்துத் தை வரை நீளும். அந்த மாதங்களில் அவர் வீடு திரும்பும்போது பிள்ளைகள் பெரும்பாலும் உறங்கியிருப்பார்கள். சட்டையிலிருந்து வரும் மணத்தைக்கொண்டே இளையவன் கண் திறவாமல் “அத்தா” என்பான். பச்சைக் காய் ஏறக்குறைய ஐந்து கிலோவை உலர்த்தினால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். உலர்ந்ததைச் சல்லடையில் இட்டுப் பருமன்வாரியாகப் பிரிக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்டது உயர்ந்த தரம். வெடித்தவை, வெளுத்தவை ஆகியவற்றைக் கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவற்றில் ஒரு பிடி சில வேளைகளில் எங்கள் வீட்டுத் தேநீருக்கு வந்து சேரும்.

அந்த ஒரு பிடியில்தான் எங்கள் வீட்டின் மிகப் பழைய விளையாட்டு பிறந்தது. ஒரு காயை நடுவில் வைத்து, அதற்குள் எத்தனை விதைகள் என்று ஆளுக்கோர் எண் சொல்ல வேண்டும். பிறகு உரித்து எண்ண வேண்டும். எந்தக் காயானாலும் உள்ளே அறைகள் மூன்றுதான். விதைகளின் எண்ணிக்கைதான் மாறும். மிகவும் தவறாகச் சொன்னவர் இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவ வேண்டும். அத்தாவுக்கு இத்தொழிலில் பதினைந்தாண்டு அனுபவம். ஆயினும் தட்டுகளை அதிகம் கழுவியவர் அவரே. இளையவனுக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. எப்போதும் “பதினேழு” என்பான். பாதி நாள் அவனே வெல்வான்.

இன்னொன்று ஏல விளையாட்டு. நம் மொழியில் ஏலக்காயும் ஏலம், அதை விற்பதும் ஏலம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நடக்கிறது. இப்போது அங்கே கூவுவார் இல்லை. வணிகர்கள் கணினியின் முன் அமர்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். இச்செய்தியைப் பிள்ளைகள் ஏற்க மறுத்துவிட்டார்கள். கூவாத ஏலம் என்ன ஏலம்? நடுவுள்ளவன் முக்காலியின் மேல் ஏறி நிற்பான். சரக்கு வேறொன்றுமில்லை, இளையவன்தான். “நல்ல எடை, பச்சை நிறம் இல்ல, ஆனா சத்தம் நிறைய வரும், ஒரு தரம், ரெண்டு தரம்...” கடந்த பெருநாளன்று அவன் இரண்டு முறுக்குக்கு அவனுடைய நன்னிமாவிடம் விற்கப்பட்டான். மறுநாள் நன்னிமா ஊருக்குப் புறப்படும்போது தன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்து நின்றான். விற்கப்பட்ட பொருள் விற்கப்பட்டதுதானே! பேருந்து போன பிறகும் அழுகை நிற்க வெகுநேரம் ஆயிற்று.

பொட்டிபுரத்தின் பெயரைச் செய்தித்தாளில் பலர் கண்டிருக்கக்கூடும். எங்கள் ஊர் மலைக்கு அடியில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டம். மலையைக் குடைந்து இரண்டு கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கப் பாதை, அதன் முடிவில் 50,000 டன் இரும்பாலான கருவி. நீர் என்னாகும், நிலம் என்னாகும், பாறையை வெடிவைத்துப் பெயர்த்தால் வீடுகள் என்னாகும் என்று ஊரார் கேட்டார்கள், அச்சம் வேண்டாம் என்று அறிவியலாளர்கள் கூறினார்கள், வழக்குகள் நடந்தன. புலிகள் நடமாடும் வழித்தடம் அது, அனுமதிக்க இயலாது என்று 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலை இன்றும் குடையப்படாமல் நிற்கிறது. பெரியவர்களின் வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டுக்குள் அச்செய்தி எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறோம்.

மூத்தவன் பள்ளியிலிருந்து ஒரு கேள்வியோடு வந்தான்: நியூட்ரினோ என்றால் என்ன? நாங்கள் இருவரும் தெரிந்தவரிடம் கேட்டும் படித்தும் சொன்னோம். கதிரவனிலிருந்து வருகிற மிக நுண்ணிய துகள். நகக்கண் அளவான இடத்தை நொடிக்கு ஏறக்குறைய 6,500 கோடி துகள்கள் கடந்து செல்கின்றன. எதன்மீதும் மோதுவது மிக மிக அரிது. சுவர், மலை, மனிதர் எல்லாவற்றையும் ஊடுருவிப் போய்விடும். பிற துகள்களின் இரைச்சலை மலைப் பாறை தடுத்துவிடும் என்பதனால்தான் அதை மலைக்கு அடியில் தேட நினைத்தார்கள்.

இளையவன் தன் கட்டைவிரல் நகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “இப்பவும் போகுதா?”

“போகுது.”

“ராத்திரியிலயும்?”

“ராத்திரியிலயும்தான். அப்ப சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும்ல, அதனால பூமியைத் துளைச்சுக்கிட்டுக் கீழ இருந்து வரும்.”

அன்றிரவு அவன் பாயில் காலைத் தூக்கிக்கொண்டே படுத்திருந்தான். வழிவிடுகிறானாம்.

மறுநாளே நியூட்ரினோ விளையாட்டு உருவாயிற்று. இருவர் கூடத்தில் படுத்து மலையாக வேண்டும். மூன்றாமவர் நியூட்ரினோ. விளக்கை அணைத்ததும் அவர் மலையின் மீது படாமல் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போக வேண்டும். மலை அசையக்கூடாது, பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. விரல் பட்டாலும் அவர் நியூட்ரினோ அல்ல, வெறும் எலி. இந்த விளையாட்டில் மலை பத்து நொடிக்கு மேல் சிரிக்காமல் இருந்ததாக வரலாறு இல்லை. பருவம் ஓய்ந்து அத்தா வீட்டிலிருக்கும் மாலைகளில் அவரையே மலையாக்கிவிடுவார்கள். அப்போது நியூட்ரினோக்கள் வேண்டுமென்றே மலைமீது விழும்.

நபி (ஸல்) அவர்கள் ஸுஜூதில் இருக்கையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதையும், பிள்ளை தானாக இறங்கும் வரை அவர்கள் தலையை உயர்த்தாமல் ஸுஜூதை நீட்டியதையும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சிட்டுக்குருவி போன்ற சிறு பறவையை இழந்து வாடியிருந்த அபூ உமைர் என்னும் சிறுவனிடம் அப்பறவையைப் பற்றி அவர்கள் விசாரித்த செய்தியும் நமக்குப் புதிதன்று. மிம்பரில் இவற்றைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். அதே தொழுகை முடிந்ததும், பின்வரிசையில் சிரித்த பிள்ளையின் காதைத் திருகுகிறோம். ஒரு பள்ளியில் எங்கள் நடுவுள்ளவனை ஒரு பெரியவர் தோளைப் பிடித்து வெளியே நிறுத்திவிட்டார். அதன்பின் இரண்டு வாரங்கள் ஜும்ஆவுக்கு வரமாட்டேன் என்றான். மூன்றாவது வாரம் வேறொரு பெரியவர் அவன் கையில் கடலைமிட்டாய் ஒன்றைத் திணித்துத் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இன்றுவரை அந்தப் பெரியவரின் பக்கத்து இடம் அவனுடையது. யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

இதையெல்லாம் இப்போது எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. மூத்தவன் ஹிஃப்ளு மதரஸாவில் சேரப் போகிறான். தொலைவில் உள்ள ஊர். தங்கி ஓத வேண்டும். மதரஸாக்களில் ஷவ்வாலில்தான் ஆண்டு தொடங்கும் என்பதனால், ரமளான் வரைக்கும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூவர்; அதன்பின் இருவர். கேட்டது அவனேதான். போடியில் அவனுக்கு ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத், அவனது நினைவாற்றல் அமானிதம் என்று சொல்லி ஊக்குவித்தார். எங்களுக்குள் கருத்து ஒன்றாக இல்லை. கேட்கும்போதே அனுப்பிவிட வேண்டும், ஆர்வம் திரும்ப வராது என்பது அத்தாவின் எண்ணம். குர்ஆனை மனனம் செய்வதில் அம்மாவுக்கு அவரைக் காட்டிலும் ஆசை அதிகம். ஆனால் 11 வயதில் போகும் பிள்ளை 14 வயதில் திரும்பும்போது வீட்டுக்கு விருந்தாளியாகிவிடுமே என்பது அவர் அச்சம். தட்டைக் கழுவச் சொன்னால் கழுவிவிடும். ஏன் நான் என்று சண்டை போடாது. அந்தச் சண்டை இல்லாமல் போவதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இஷாவுக்குப் பிறகு பல இரவுகள் இதைப் பேசினோம். ஒருவரை ஒருவர் வென்றோம் என்று சொல்வதற்கில்லை.

ஸூரா யூஸுஃபை முன்பும் ஓதியிருக்கிறோம். இவ்வாண்டு ஓதும்போது அதன் தொடக்கத்திலேயே நின்றுவிட்டோம். நாளை அவனை எங்களோடு அனுப்புங்கள், உண்டு விளையாடி மகிழ்வான் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவனை நீங்கள் அழைத்துச் செல்வதே தமக்குத் துயரம் தருகிறது என்கிறார் தந்தை. ஓநாயைப் பற்றியும் சொல்கிறார். நபியாகிய தந்தைக்கே ஒரு பகல் பிரிவு அப்படி இருந்திருக்கிறது. விளையாட்டு என்று கேட்டதும் அவர் அதை மறுக்கவில்லை என்பதையும் கவனித்தோம். பிள்ளைக்கு அது தேவை என்பதை அறிந்திருந்த தந்தை.

முடிவைத் தம்பிகளிடம் சொன்ன அன்று இளையவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் பெட்டியில் தனக்கும் இடமிருக்கிறதா என்று மட்டும் ஏறிப் பார்த்தான். நடுவுள்ளவன் சற்று நேரம் பேசாமலிருந்தான். எங்கள் வீட்டில் அது அபூர்வம். பிறகு, “மலைக்கு ரெண்டு பேர் வேணும், நியூட்ரினோவுக்கு ஒருத்தர் வேணும். இனிமே எப்படி?” என்றான். அத்தா மலையாவார் என்றோம். “ஆடி வந்தா?” என்று கேட்டான். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

ஆகவே இந்தச் சில மாதங்களில் கணக்குப் பார்க்காமல் விளையாடிக்கொண்டிருக்கிறோம். போடிமெட்டு மலைப்பாதையில் பேருந்தில் போய் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணினோம். நடுவுள்ளவனின் கணக்கில் 18, இளையவனின் கணக்கில் வழக்கம்போல் பதினேழு, இம்முறை உண்மையாகவே சரி. போடி நிலையத்தில் ரயில் வந்து நிற்பதையும் போய்ப் பார்த்தோம். 2010இன் கடைசி நாளோடு மீட்டர்கேஜ் வண்டி நின்று, 2023 ஜூன் 15 அன்றுதான் அகலப்பாதையில் மீண்டும் ரயில் வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வூர்ப் பக்கம் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் ரயில் என்பது படத்தில் இருக்கும் பொருள். மூத்தவனும் அவர்களில் ஒருவன். இப்போது அதே வண்டியில்தான் அவன் மதரஸாவுக்குப் புறப்பட வேண்டும். அதை எண்ணி அவன் மகிழ்ச்சியாகவே இருக்கிறான். சன்னலோர இருக்கை வேண்டுமென்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான்.

மதரஸாவிலிருந்து பொருள்பட்டியல் வந்தது. வெள்ளை ஜுப்பா மூன்று, தொப்பி இரண்டு, தட்டு, குவளை, வாளி, பாய், போர்வை. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். கடைசியில், மடித்த ஜுப்பாக்களுக்கு நடுவே கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. சாட்டையோடு ஒரு பம்பரம். பட்டியலில் இல்லாததை எப்படி அனுப்புவது? எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். இருக்கட்டும் என்றார் மற்றவர். மூத்தவனோ, “ஹஜ்ரத்கிட்டயே கேட்டுருங்க” என்றான். தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டோம். மறுமுனையில் அவர் சிரித்தார். அஸருக்குப் பிறகு தினமும் ஒரு மணிநேரம் பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரம், மைதானமும் இருக்கிறது என்றார். “ஒண்ணு பத்தாதும்மா, ரெண்டாக் குடுத்து அனுப்புங்க. முதல் வாரமே ஒண்ணு உடைஞ்சிரும்.”