மலைப்பாதை, வெள்ளை வீடு, நொத்தாரிசு

மிச்சம், லண்டன்



முன்பெல்லாம் மிச்சத்தில் நாலு தமிழர் கூடினால் குறொய்டன் வீட்டு விலை, பிள்ளையின் கிறாமர் பள்ளிச் சோதனை, ஊரில் காணி வழக்கு என்றுதான் கதை போகும். இப்போது ஸ்பெயினும் சேர்ந்துவிட்டது. அதுவும் கடற்கரையை விட்டு மலைப்பக்கம். இங்கே பிறந்த பிள்ளைகள் சப்பாத்தும் கைத்தடியுமாக மலைநடை பழகிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் போன தாய்தகப்பன், மாலகா மாகாணத்து அக்சார்க்கியா மலைகளில் வெள்ளையடித்த வீடுகளைக் கண்டு மயங்கித் திரும்புகிறார்கள். கேட்விக்கில் இருந்து மாலகா மூன்று மணி நேரம்கூட இல்லை. இங்கே ஒற்றை அறை பிளாட்டுக்குக் கேட்கும் காசில் பாதிக்கு அங்கே கிராமத்துக்குள் ஒரு மாடிவீடு கிடைக்கிறது.

மயங்குவதில் பிழை இல்லை. கொம்பெட்டா, பிரிகிலியானா போன்ற ஊர்களின் வாசலிலேயே தெகெடா, அல்மிகாரா மலைகளின் நடைபாதைகள் தொடங்குகின்றன. கொம்பெட்டாவில் மொஸ்கட்டெல் முந்திரிகை காய வைத்து இனிப்பு வைன் செய்வார்கள். கீழே வேலெஸ்-மாலகாவில் மாந்தோப்புகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் மாமரத்தில் மாங்காய் தொங்குவதைப் பார்க்கும் யாழ்ப்பாணத்தாருக்குக் கால் நகராது. அது ஒஸ்டீன் இனம். கறுத்தக்கொழும்பானோடு ஒப்பிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிரிகிலியானாவுக்கும் கொம்பெட்டாவுக்கும் இடையே மலை வழியாக நடந்தால் எல் அசெபுச்சால் என்ற குக்கிராமம் வரும். 1948 கோடையில் பிராங்கோ அரசின் கார்டியா சிவில் படை அங்கிருந்த குடும்பங்கள் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. மலையில் மறைந்திருந்த கெரில்லாக்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகமே காரணம். கூரைகள் விழுந்து, சுவர்களுக்குள் மரம் முளைத்து, அரை நூற்றாண்டு கிடந்தது ஊர். 1998 அளவில் அந்த ஊர்க் குடும்பம் ஒன்று திரும்பி வந்து வீடுகளை ஒவ்வொன்றாக எழுப்பத் தொடங்கியது. இன்று அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையும் நடக்க வருவோருக்கு வாடகை வீடுகளும் உண்டு. மேலே 1,779 மீற்றர் உயரமான லூசெரோ சிகரத்தின் உச்சியில் அதே படையின் காவலரண் இடிந்து கிடக்கிறது. சுற்றுலாக் கையேட்டுக்கு இது ஒரு பத்திச் செய்தி. 1990இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு ஓடி, வளவின் ஒரு துண்டு இன்னும் இராணுவத்திடம் இருக்கிறவர் அதை அவ்வளவு சுலபமாகப் பக்கம் புரட்டிப் போக முடியாது.

மற்ற ஊர்களில் வீடுகள் மலிவாகக் கிடைப்பதற்கும் இதற்குக் கிட்டிய காரணம்தான். 1950களிலும் 60களிலும் இந்த மலைகளின் இளைஞர்கள் பார்சலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கப் போனார்கள். பிள்ளைகள் திரும்பவில்லை, வீடு பூட்டிக் கிடந்தது, பிறகு ஆங்கிலேயர் வாங்கினார்கள். கோப்பாயிலும் புங்குடுதீவிலும் பூட்டிய வீடு வைத்திருக்கும் நாம் இப்போது அந்த வரிசையில் நிற்கிறோம்.

வாங்கும் முறை நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. இங்கிலாந்தில் சொலிசிற்றரோடு காரியம் முடியும்; ஸ்பெயினில் இலங்கையைப் போல நொத்தாரிசு முன்னால் உறுதி எழுத வேண்டும். நம் தேசவழமைச் சட்டத்தில் காணி விற்குமுன் உடன்பங்காளியிடம் கேட்கும் வழக்கம் போன்ற ஒன்றும் அங்கே உண்டு. ஒரு ஹெக்டேருக்கு மேற்படாத விவசாயக் காணி கைமாறினால், பதிவான ஒன்பது நாளுக்குள் எல்லைக்காணிக்காரர் அதே விலைக்குத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்கலாம் என்கிறது ஸ்பானியக் குடியியல் சட்டக்கோவை. இதைத் தரகர் தானாகச் சொல்ல மாட்டார்.

ஊருக்கு வெளியே தோட்டவீடுகளில்தான் ஆபத்து அதிகம். நீச்சல்குளம், மேல்மாடி, களஞ்சியம் எல்லாம் நிலத்தில் இருக்கும், உறுதியில் இருக்காது. 2008 சனவரியில் அல்மேரியா மாகாணத்து வேராவில் ஓர் ஆங்கிலேய ஓய்வூதியத் தம்பதியின் வீட்டை இயந்திரம் கொண்டு இடித்தார்கள். நகரசபை கொடுத்த கட்டட அனுமதியோடு கட்டிய வீடு அது. அந்த அனுமதியே செல்லாது என்று அண்டலூசிய மாநில அரசு பிற்பாடு சொன்னது. அதன்பின் இப்படிப்பட்ட வீடுகளை இடிக்காமல் ஏற்றுக்கொள்ள ஒரு சான்றிதழ் முறை வந்தது. அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இனிச் செலவு. பழைய வீட்டுக்கு அண்டலூசியாவில் கைமாற்ற வரி 7 சதவீதம். 1,50,000 யூரோ வீட்டுக்கு அதுவே 10,500. நொத்தாரிசு, பதிவு, வழக்கறிஞர் கூலி வேறு. வாடகைக்கு விடாமல் சும்மா பூட்டி வைத்தாலும் வருமானம் வந்ததாகக் கருதி வருடா வருடம் வரி கேட்பார்கள். தொகை சிறிது. ஆனால் கட்டாமல் விட்டவர்கள் விற்கும்போது அகப்படுகிறார்கள்.

பிரெக்சிற்றுக்குப் பிறகு பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் அங்கே நிற்கலாம்; சொந்த வீடு இருப்பதால் ஒரு நாள்கூட அதிகமாகக் கிடைக்காது. அரை மில்லியன் யூரோ முதலிட்டால் கிடைத்த விசாவும் 2025 ஏப்ரல் 3ஆம் திகதியோடு முடிந்தது. ஒல்லாந்து, டென்மார்க், பிரான்சு என்று சுற்றி மிச்சத்துக்கு வந்து, அந்த நாட்டுக் கடவுச்சீட்டைக் கைவிடாத நம்மவர் பலருக்கு இந்த 90 நாள் கணக்கு இல்லை. அதை வைத்திருந்ததற்காக அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்போர் வீடு வாங்கினால் வீட்டு விலையின் 100 சதவீதம்வரை வரி போடலாம் என்று பிரதமர் பெட்ரோ சாஞ்செஸ் 2025 சனவரியில் சொன்னதையும் மறக்க வேண்டாம். மாலகாவில் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஊர்வலம் போகிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை நாட்காட்டி. அந்த மலைகளில் நடக்க நல்ல காலம் ஒக்டோபர் முதல் மே வரை. நமக்கு லீவு கிடைப்பதோ ஓகஸ்ட்டில். அப்போது வெயில் கொளுத்தும், காட்டுத்தீப் பயம் வேறு. 2024 தொடக்கத்தில் அக்சார்க்கியாவுக்குத் தண்ணீர் தரும் லா வின்யுவேலா நீர்த்தேக்கம் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் வற்றியிருந்தது. போதாததற்கு ஓகஸ்ட் வந்தால் நம் மனம் நல்லூர்த் தேருக்கு ரிக்கற் பார்க்கும். ஊரில் ஒன்று, ஸ்பெயினில் ஒன்று என இரண்டு பூட்டிய வீடுகளுக்கு வரி கட்டிக்கொண்டு மிச்சத்தில் வேலைக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒக்டோபர் அரைத்தவணை விடுமுறையில் ஒரு கிழமைக்கு வீடு வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளோடு நடந்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால் ஊருக்குள் இருக்கும் வீடாகப் பாருங்கள். தரகர் கைகாட்டும் வழக்கறிஞரை விட்டுவிட்டு நீங்களாக ஒருவரைப் பிடித்து, பதிவகத்தில் இருந்து வீட்டின் பதிவுச் சாற்றை எடுப்பியுங்கள். அதில் உள்ள அளவும் நிலத்தில் உள்ள அளவும் ஒத்துவராவிட்டால் அந்த வீடு வேண்டாம்.